அத்திவாரம் வெட்டுமுன் ஒரு கியூ.எஸ்.: எங்கள் வீட்டு வேலையில் கண்டது

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டப் போகிறவர்களோ, அம்மா அப்பாவின் பழைய வீட்டோடு இரண்டு அறை சேர்த்து இறக்கப் போகிறவர்களோ இதை வாசித்தால், சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொந்தராத்துக்காரரோடு விலை பேசுவதற்கு முன்பு ஒரு குவான்டிட்டி சேர்வேயரிடம், சுருக்கமாகச் சொன்னால் கியூ.எஸ். ஒருவரிடம், போங்கள். நாங்கள் போனோம், போனது நல்லதாயிற்று. அவர் என்ன செய்தார், எவ்வளவு வாங்கினார், எங்கே பிழை விட்டார் எல்லாவற்றையும் எழுதுகிறேன். பெயர் மட்டும் போடவில்லை, அவருக்கு அது விருப்பமில்லை. எங்கள் தேவாலயச் சபையில் எல்லோருக்கும் அவர் கியூ.எஸ். அங்கிள்தான்.

சேர்வேயர் என்றதும் அம்மா காணி அளக்கத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டார். அவர் வந்த அன்று உறுதியையும் பழைய வரைபடத்தையும் அலுமாரியிலிருந்து எடுத்து வைத்து, எல்லைக் கல் இருக்கும் வேலிப் பக்கத்துக் குப்பையையும் கூட்டிவிட்டிருந்தார். பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. காணி அளப்பவர் நில அளவையாளர், அது வேறு தொழில். கியூ.எஸ். என்பவர் பிளானைப் பார்த்து, அந்தக் கட்டடத்துக்குள் எது எவ்வளவு போகிறது என்று கணக்கெடுப்பவர். எத்தனை கியூப் (நூறு கன அடி) கொங்கிறீட், எத்தனை கிலோ கம்பி, எத்தனை சதுரம் (நூறு சதுர அடி) பூச்சு, எத்தனை அடி பீலி என்று ஒன்றுவிடாமல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுத் தருகிற பட்டியல்தான் பி.ஓ.கியூ. வீட்டுக் கடனுக்கு வங்கி வாசல் ஏறியவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். ஆனால் வங்கிக்குக் கொடுப்பதற்காக யாரிடமாவது அவசரமாக அடித்து வாங்குகிற பி.ஓ.கியூ. வேறு, வேலைத்தலத்தில் வைத்து வேலை வாங்குகிற பி.ஓ.கியூ. வேறு. நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி.

எங்களுக்குத் தேவைப்பட்டது பழைய வீட்டின் பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு குசினியும். 2023 நடுப்பகுதியில் ஒரு கொந்தராத்துக்காரர் வந்து பார்த்து, சதுர அடிக்கு 10,500 ரூபா, மொத்தம் 770 சதுர அடி, ஆக 80 இலட்சத்து 85 ஆயிரம் என்று ஒரு கொப்பித்தாளில் எழுதித் தந்துவிட்டுப் போனார். அந்த நேரம் எல்லாமே விலை ஏறிக் கிடந்ததால் எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. அண்ணா கனடாவிலிருந்து அனுப்பும் காசு, என்னுடைய சேமிப்பு, மிச்சத்துக்குக் கடன் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டு இருந்தோம். ஞாயிறு வழிபாடு முடிந்து வரும்போது அம்மா இதை அங்கிளிடம் சும்மா சொன்னார். "சதுர அடி பத்தாயிரத்து ஐந்நூறு சரியான விலைதானோ?" என்று கேட்டார். அவர் விலையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "அது எந்தச் சதுர அடி?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு அப்போது கேள்வியே விளங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அளவுநாடாவோடு வந்து காட்டியபோதுதான் விளங்கியது. பிளானில் புதிய பகுதி வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை 31 அடிக்கு 20 அடி, 620 சதுர அடி. கொந்தராத்துக்காரர் அளந்தது கூரையின் ஓரத்தை. இரண்டு பக்கவாட்டிலும் பின்னாலும் 2 அடி தாழ்வாரம் வெளியே வருகிறது, அதைச் சேர்த்தால் 35 அடிக்கு 22 அடி, 770. அந்த 150 சதுர அடிக்கு அறைக்குரிய விலையே போட்டிருந்தார். 15 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா. சுவர் இல்லை, நிலம் இல்லை, யன்னல் இல்லை, மேலே கூரை மட்டும்.

ஆனால் அங்கிள் அந்த மனிதரைக் கள்ளன் என்று சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். தாழ்வாரத்துக்கும் மரம் போகிறது, ஓடு போகிறது, கூலி போகிறது, அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அறையின் விலை அல்ல, அதன் விலை. சிலர் பாதியாகக் கணக்கெடுப்பார்கள், சிலர் எடுக்கவே மாட்டார்கள், முதலே பேசி எழுதாமல் விட்டால் இரண்டு பக்கமும் தான் நினைத்ததே சரி என்று நிற்கும், பிறகு கூரை ஏறிய நேரத்தில் சண்டை வரும். சதுர அடி விலை என்பது ஊரில் பேசிக்கொள்ள உதவும், அதை வைத்து உடன்படிக்கை எழுதக் கூடாது என்றார். அன்றைக்கே பட்டியல் போடும் வேலையை அங்கிளுக்குக் கொடுத்தோம்.

மூன்று கிழமை எடுத்தார். அது கொஞ்சம் கூடத்தான், எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆனால் அவர் எப்படி வேலை செய்கிறார் என்று ஒருநாள் அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்தபோது ஏன் என்று தெரிந்தது. இன்னும் கோடு போட்ட அளவைத் தாளில்தான் கையால் எடுக்கிறார். ஒரு நிரலில் எத்தனை தடவை, அடுத்ததில் நீளம் அகலம் உயரம், அடுத்ததில் பெருக்கி வந்த தொகை, கடைசியில் அது என்ன வேலை என்ற விபரம். 6 யன்னல் என்றால் பூச்சிலிருந்து 6 யன்னலின் பரப்பையும் கழிக்கிறார், கழித்த கையோடு அந்த யன்னல்களின் ஓரங்களுக்குப் பூசுகிற ஒடுக்கமான பட்டியைக் கூட்டுகிறார். எங்கள் வேலையில் கதவு யன்னல் இடைவெளிக்காக இரண்டு பக்கமும் சேர்த்து 360 சதுர அடி பூச்சு கழிந்தது, ஓரங்களுக்காக 55 சதுர அடி அளவில் கூடியது. "கூட்ட வேண்டியதைக் கூட்டாட்டில் மேசனுக்குத் துரோகம், கழிக்க வேண்டியதைக் கழிக்காட்டில் உங்களுக்குத் துரோகம்" என்று தலை நிமிராமலே சொன்னார். வளைகுடாவில் இருந்த காலத்தில் பிரித்தானிய அளவை முறைகளின்படி எடுத்துப் பழகியவர், இங்கே வந்தபிறகு கட்டட வேலையை அளப்பதற்கான இலங்கைத் தர விதியான எஸ்.எல்.எஸ். 573 பிரகாரம் எடுக்கிறார். எந்த முறை என்பது பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும், ஏனென்றால் பிறகு தகராறு வந்தால் எப்படி அளந்தோம் என்பதற்கு விடை அங்கே இருக்க வேண்டும்.

பட்டியல் வந்ததும் அதில் விலையை அழித்துவிட்டு மூன்று கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்கச் சொன்னார். முதல் ஆளுக்கும் கொடுத்தோம். அங்கிளின் சொந்த மதிப்பீடு 58 இலட்சத்து 40 ஆயிரம். வந்தவற்றில் குறைந்தது 56 இலட்சத்து 90 ஆயிரம். முதலில் 80 சொன்ன அதே மனிதர், இந்தமுறை ஒவ்வொரு வரிக்கும் விலை போட்டு 59 இலட்சத்து 20 ஆயிரத்துக்குத் தந்தார். நாங்கள் குறைந்ததை எடுக்கத்தான் நின்றோம். அங்கிள் வேண்டாம் என்றார். குறைந்த விலைக்காரர் அத்திவாரம், மண்வேலை எல்லாவற்றுக்கும் சந்தை விலையை விடக் கூட்டிப் போட்டு, பூச்சு, நிலவேலை, வர்ணம் என்று பின்னால் வருகிறவற்றுக்கு நட்டத்துக்குச் செய்வதுபோல் குறைத்துப் போட்டிருந்தார். கூட்டுத்தொகை குறைவு. ஆனால் அத்திவாரமும் சுவரும் எழும்புவதற்குள் காசின் பெரும்பகுதி அவர் கைக்குப் போய்விடும், பிறகு மிச்ச வேலையை முடித்துத் தருவதில் அவருக்கு ஒரு இலாபமும் இருக்காது. ஆகவே 59 இலட்சத்து 20 ஆயிரம் போட்ட முதல் ஆளுக்கே வேலையைக் கொடுத்தோம். எங்கள் ஊரில் கூரை ஏறி, பூச்சில்லாமல் வருடக்கணக்கில் நிற்கிற வீடுகளைப் பார்க்கிறபோதெல்லாம் இப்போது எனக்கு அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது. இது நானாக ஒருநாளும் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம் அல்ல. அங்கிளுக்குக் கொடுத்த காசு இந்த ஒரு இடத்திலேயே திரும்பி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்து கல். வலிகாமத்தில் தோண்டியவர்களுக்குத் தெரியும், செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் எங்கே வரும் என்று சொல்ல முடியாது, ஒரு மூலையில் 4 அடி போகும், மற்ற மூலையில் ஒன்றரை அடியிலேயே அலவாங்கு துள்ளும். வழக்கமாக இங்கேதான் கொந்தராத்துக்காரர் கையை விரிப்பார். எங்களிடமும் கல் உடைப்புக்கு மொத்தமாக 3 இலட்சம் கேட்டார்கள். அங்கிள் பட்டியலில் கல் உடைப்புக்கு ஒரு கியூபுக்கு இவ்வளவு என்ற விலையை முன்பே வாங்கி வைத்திருந்தார், அளவு மட்டும் உடைத்தபிறகு போடுவது என்று எழுதியிருந்தது. கொங்கிறீட் போடுவதற்கு முதல்நாள் பின்னேரம் வந்து, கிடங்குக்குள் இறங்கி, மேசனை ஒரு முனை பிடிக்கவைத்து, கல் தொடங்கும் மட்டத்திலிருந்து அடிவரை ஒவ்வொரு இடமாக அளந்தார். மூன்றரைக் கியூப் வந்தது, 20,000 வீதம் 70,000 ரூபா. மேசனும் கையெழுத்து வைத்தார், நானும் வைத்தேன். மூடுகிற எதையும் மூடுமுன் அளக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வேலை நடந்த ஒன்பது மாதத்திலும் அவர் வந்த ஏழு தடவையும் ஏதாவது மூடப்படப் போகிற நாளாகத்தான் இருந்தது.

காசு கொடுத்த முறையும் அவர் சொன்னதுதான். கேட்டது 40 வீத முற்பணம், கொடுத்தது 15. பிறகு செய்த வேலையை அளந்து அளந்து கொடுத்தோம், ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை மறித்து வைத்தோம். முடிவில் மொத்தத்தில் 5 வீதம் எங்கள் கையில் நின்றது, அதில் பாதியை வேலை முடிந்தபோது கொடுத்து, மற்றப் பாதியை, கிட்டத்தட்ட ஒன்றரை இலட்சத்தை, 12 மாதம் வைத்திருந்தோம். அந்த வருடத்து மாரியில் பழைய சுவரும் புதிய சுவரும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு வந்தது. போன் எடுத்த மூன்றாம் நாள் ஆட்கள் வந்து, பூச்சை வெட்டி, வலை வைத்துத் திரும்பப் பூசிவிட்டுப் போனார்கள். அந்தக் காசு எங்கள் கையில் இல்லாவிட்டால் வந்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

இனி அவருடைய குறைகள். மின்வேலையையும் குழாய் வேலையையும் அவர் விரிவாக எடுப்பதில்லை, ஒரு தற்காலிகத் தொகை போட்டுவிடுகிறார். எங்களுக்கு இரண்டுக்கும் சேர்த்து மூன்றரை இலட்சம் போட்டார், நாலு இலட்சத்து 60 ஆயிரம் போனது. அலுமினிய யன்னலுக்கும் அப்படித்தான் ஒரு தொகை போட்டார், அது பழைய விலை, 75,000 ரூபா கூடிவிட்டது. கேட்டபோது "அது என்ரை பிழை, கடையில் கேட்டுப் போட்டிருக்க வேணும்" என்று நேராகவே சொன்னார். கல்லோடு இவற்றையும் கூட்டினால் 2 இலட்சத்து 55 ஆயிரம், ஆக வீடு 61 இலட்சத்து 75 ஆயிரத்தில் முடிந்தது. வேறு எதுவும் கூடவில்லை. மற்றது, வட்ஸ்அப்பில் படம் அனுப்பி "இதுக்கு எவ்வளவு முடியும் அங்கிள்" என்று கேட்டால் பதில் வராது. பிளான் இல்லாமல் வாயால் ஒரு தொகை சொல்லவே மாட்டார். பிளான் கீறமாட்டார், மேசன் பிடித்துத் தரமாட்டார். கொந்தராத்துக்காரரோடு கதைக்கிறபோது குரல் கொஞ்சம் கடுமைதான், ஒருமுறை அப்பா நடுவில் போய் நிற்க வேண்டி வந்தது. இதெல்லாம் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

எங்கள் வீட்டு வேலையோடு இதை முடித்திருக்கலாம். ஆனால் இவரை நாங்கள் நம்பியதற்குக் காரணம் தேவாலயக் கூரை, அதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் கையால் தொடங்கிய பழைய சபைகளில் ஒன்று எங்களுடையது. சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய தடித்த சுவர், மேலே பனைமரக் கைமரம், கலிகட் ஓடு. 2021 கடைசியில் கூரையைப் பிரித்து வேயத் தீர்மானித்தபோது லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சபைப் பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பினார்கள். அங்கிளைப் பொருளாளராக வரச்சொல்லி எல்லோரும் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். அளக்கிறவனும் காசு கொடுக்கிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். அளவு மட்டும் தன் பொறுப்பு என்றார்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், கர்த்தருடைய வேலைக்கு இவ்வளவு கணக்கு வழக்கு எதற்கு என்று கேட்டார். வேதத்திலே ஆலயத்தைப் பழுதுபார்க்கக் காசு வாங்கியவர்களிடம் கணக்கே கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று இருக்கிறதே என்றார். உண்மைதான், யோவாஸ் ராஜாவின் காலத்தில், இரண்டாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் அப்படி இருக்கிறது. அங்கிள் எழும்பி, அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போகச் சொன்னார். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் ஆளும் பிரதான ஆசாரியனும் இரண்டு பேருமாக வந்து காசை எண்ணிப் பையில் கட்டினார்கள் என்று இருக்கிறது. முதலே இரண்டு பேர் எண்ணினபடியால்தான் பிறகு ஒருவரையும் கேட்கத் தேவை வரவில்லை என்றார். அந்தப் பெரியவர் அதன்பிறகு அந்த வேலை முடியும்வரை அங்கிளுக்கு அளவுநாடாவின் மற்ற முனையைப் பிடித்தவர்.

கூரை பிரித்த நாட்களில் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, இறங்கிய ஓட்டை நல்லது உடைந்தது என்று பிரித்து, ஐம்பது ஐம்பதாக அடுக்கி எண்ண வைத்தார். பழைய கைமரம் எத்தனை, எவ்வளவு நீளம், எது திரும்பப் பாவிக்கலாம் எல்லாம் தாளில் வந்தது. சாதாரணமாகப் பிரித்த மரமும் ஓடும் "கழிவு" என்று லொறியில் ஏறிப்போய்விடும். இங்கே அதன் பெறுமதி, செலவிலிருந்து கழிக்கிற தொகையாகப் பட்டியலில் முதலே போடப்பட்டிருந்தது. கைமரத்தின் பலத்தைப் பற்றி மட்டும் தான் ஒன்றும் சொல்லமாட்டேன், அது பொறியியலாளர் பார்க்க வேண்டியது என்று ஒருவரை அழைப்பித்தார். சுவரில் உதிர்ந்திருந்த இடங்களுக்குச் சீமெந்துப் பூச்சு அடிப்பதாக இருந்ததையும் நிறுத்தியவர் அவர்தான். நிலத்திலிருந்து ஈரமும் உப்பும் ஏறுகிற கல்லுச் சுவரைச் சீமெந்தால் மூடினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, சில வருடத்தில் பூச்சோடு கல்லின் முகமும் சேர்ந்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் தேடக் கஷ்டப்பட்டோம், ஆனால் தேடினோம்.

பிறகு 2022 வந்தது. அந்த வருடத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு வருடத்துக்கு முன் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய 50 கிலோ சீமெந்து மூடை மூவாயிரம் அளவுக்குப் போனது, டீசலுக்கு வரிசை, கம்பி இல்லை, மரம் ஏற்ற லொறி இல்லை. கூரை பாதியில் நிற்கிறது, கொந்தராத்துக்காரர் இனி முடியாது என்கிறார். கையெழுத்து வைத்த விலைக்குச் செய்யத்தான் வேண்டும் என்று சபையில் பாதிப்பேர் நின்றார்கள், நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன். அங்கிள் இரண்டு கிழமை இருந்து, கட்டுமான அதிகார சபை மாதாமாதம் வெளியிடும் விலைச் சுட்டெண்களை எடுத்து, உடன்படிக்கை வைத்த மாதத்துக்கும் வேலை நடந்த மாதங்களுக்கும் இடையில் சீமெந்து, மரம், கம்பி, கூலி ஒவ்வொன்றும் எவ்வளவு ஏறியது, எங்கள் வேலையில் எதன் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். கொந்தராத்துக்காரர் கேட்டதில் பாதியளவுதான் வந்தது. ஆனால் அந்தப் பாதி அவருக்குச் சேர வேண்டிய காசு, கொடுக்காவிட்டால் சபை அவருடைய பிள்ளைகளின் சாப்பாட்டில் கூரை போட்டதாகும் என்று சொன்னார். கொடுத்தோம். வேலை முடிந்தது. கடைசிக் கணக்கு, அளவு, அலகு, விலை, தொகை என்று நாலு நிரலில் அறிவித்தல் பலகையில் ஒரு மாதம் ஒட்டியிருந்தது. லண்டனில் இருந்து வந்த ஒருவர் பீலியின் அடியைத் தானே அளந்து பார்த்தார், சரியாக இருந்தது.

அந்தக் கணக்கில் எனக்கு மறக்காத ஒரு வரி உண்டு. கியூ.எஸ். கட்டணம் என்று தன்னுடைய முழுத் தொகையையும் எழுதி, அடுத்த வரியில் நன்கொடை என்று அதே தொகையைக் கழித்திருந்தார். இலவசமாகச் செய்ததை ஏன் எழுதுகிறார், பெயருக்காகவா என்று முதலில் நினைத்தேன். கேட்டேன். "நான் இல்லாத காலத்தில் இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்க வேணும் எண்டு சபைக்குத் தெரிய வேணும், பிள்ளை. இல்லாட்டில் அடுத்த முறை வாற பெடியனையும் சும்மா செய் எண்டு கேப்பினம்" என்றார்.

அவர் வளைகுடாவிலிருந்து திரும்பியது யுத்தம் முடிந்த கையோடு. 2012இல் இந்திய வீட்டுத் திட்டம் தொடங்கி, ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வந்தபோது, சபையோடு வன்னிப் பக்கம் போய் மாதக்கணக்கில் நின்றிருக்கிறார். காசு முதன்முதலாகக் கையில் வருகிறது, திரும்ப ஒருமுறை வீடு கட்டப்போவதில்லை, அதனால் சனம் அத்திவாரத்தைப் பெரிதாக வெட்டிவிடும். இரண்டாம் கட்டக் காசோடு கடனும் ஏறும், நகையும் போகும், சுவர் நெஞ்சளவில் நிற்கும். இவர் ஒவ்வொரு வளவாகப் போய், கயிறு கட்டுமுன்பே கதிரையில் இருத்தி, இந்த அளவு அத்திவாரத்துக்கு இத்தனை மூடை, இத்தனை கல், கூரைக்கு மிச்சம் இவ்வளவு என்று கொப்பியில் எழுதிக் காட்டினாராம். கேட்டவர்கள் சிலர், கேட்காதவர்கள் பலர். கேட்காதவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வருவதில்லை, இன்னும் இரண்டு மாதம் முந்திப் போயிருக்கலாம் என்றுதான் சொல்கிறார்.

ஊரில் சனசமூக நிலையத்துக் கூரை, முன்பள்ளிப் பிள்ளைகளின் மலசலகூடம், பிள்ளையார் கோவில் அன்னதான மண்டபம் எல்லாவற்றுக்கும் அளவு எடுத்தது இவர்தான். கோவில் வேலைக்கும் அதே இரண்டு வரி, கட்டணமும் நன்கொடையும். சனிக்கிழமை காலைகளில் தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் அவருடைய விறாந்தையில் இருந்து அளவைத் தாள் பழகுகிறார்கள். முன்பு பழகிய ஒருவர் இப்போது டோஹாவில் வேலை. எங்களுடைய பட்டியலைக் கையெழுத்திலிருந்து எக்செலுக்கு ஏற்றியது இப்போது பழகுகிற ஒரு பிள்ளை, இரண்டு இடத்தில் அங்கிளின் பெருக்கல் பிழையையும் அவர்தான் பிடித்தார், அங்கிள் அதை எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

எங்களுக்குச் செலவானது: பட்டியலுக்கு 45,000, தலத்துக்கு வந்த ஒவ்வொரு தடவைக்கும் 3,000 வீதம் ஏழு தடவைக்கு 21,000. மொத்தம் 66,000 ரூபா. கல் உடைப்பில் மட்டும் மிஞ்சியது இதன் மூன்று மடங்குக்கு மேல். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை மின்வேலைக்கும் யன்னலுக்கும். பெரிய இரண்டு மாடி, மூன்று மாடி வேலை என்றால் இவரிடம் போகாதீர்கள், அவரே இப்போது எடுப்பதில்லை, கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஏணி ஏறுவதும் இல்லை. அப்படிப்பட்ட வேலைக்கு இலங்கைக் குவான்டிட்டி சேர்வேயர் நிறுவகத்தில் பதிந்த ஒருவரைத் தேடுங்கள். சின்ன வீடு, பழைய வீட்டோடு சேர்க்கிற வேலை, கோவில், தேவாலயம், வாசிகசாலை என்றால் இவரைப்போல் ஒருவர் உங்கள் ஊரிலும் ஓய்வுபெற்று இருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

இவரிடம் போகிறவர்கள் பிரதேச சபை அங்கீகரித்த பிளானில் இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் அவர் கிறுக்குவார். எந்த ஓடு, எந்த நிலக்கல், எந்தக் கதவு என்று முதலே வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள், பாதியில் மாற்றினால் திரும்ப மூன்று கிழமை. மின்வேலைக்கு ஒரு எலக்ரீசியனிடம் தனியாக விலை கேட்டு அவர் கையில் கொடுங்கள். ஞாயிறு காலையில் போக வேண்டாம், போன் நிற்பாட்டியிருக்கும். ஞாயிறு பாடசாலையில் நோவாவின் பேழைப் பாடம் வருகிற கிழமை என்றால் தேவாலய வாசலிலிருந்து சந்திப் பக்கமாகப் பிள்ளைகள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோவார்கள், 300 முழம், அவரவர் முழங்கையால் எண்ணி எண்ணி. கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் கொப்பியோடு வருகிறவர் அவர்தான்.